அப்பா அம்மா தவறிட்டா கேதச் செலவு யாரு பாக்கணும், எப்படிப் பாக்கணும்

எங்க அப்பா தவறுனப்ப மேலூர் பக்கம் எங்க ஊர்ல பந்தல், சேரு, ஃப்ரீசர் பெட்டி, கொட்டு, பூவுன்னு எல்லாரும் வந்து கேட்டது கடைசித் தம்பிகிட்டதான், ஏன்னா அவன்தான் வீட்ல இருந்தான், விடியுமுன்ன பொண்டாட்டி வளையலைத் தெரிஞ்சவங்க வீட்ல குடுத்து காசு வாங்கிட்டு வந்தான், அப்பா அக்கவுண்ட்ல பணம் கெடக்குங்கிறது யாருக்கும் தோணவே இல்ல. உங்க வீட்ல அப்படி ஆகக்கூடாது.

இந்தச் செலவு இறந்தவங்க சொத்துல இருந்துதான் போகணும். 1925-ம் வருச இந்திய வாரிசுரிமைச் சட்டம் 320-வது பிரிவுல, அவங்க தகுதிக்கு ஏத்த நியாயமான ஈமச்சடங்குச் செலவு, கடைசி நேர வைத்தியச் செலவு ரெண்டையும் மத்த கடனுக்கெல்லாம் முன்னாடி குடுக்கணும்னு இருக்கு. முஸ்லிம் வீடுகள்லயும் அடக்கச் செலவு போகத்தான் கடன், அதுக்கப்புறம்தான் பங்கு. கொள்ளி வைக்கிற மகன்தான் கட்டணும்ங்கிறது நம்ம வழக்கம், சட்டம் இல்ல. ஆனா பந்தல்காரர்கிட்ட நீங்க நின்னு பேசியிருந்தா அவருக்கு நீங்கதான் குடுக்கணும், அப்புறமா சொத்துல கழிச்சுக்கங்க.

அன்னைக்கு ஒருத்தர் கையில காசு, இன்னொருத்தர் கையில நோட்டு இருக்கட்டும். எங்க சித்தப்பா காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் ஒவ்வொண்ணா எழுதுனாரு, பூ, சங்கு, வெட்டியான் கூலி, நீர்மாலைச் சாமான் எல்லாம் இருந்துச்சு, கடைசில 'இதர 4,000'ன்னு ஒரு வரி, நாங்க சண்டை போட்டது அந்த ஒரு வரிக்குத்தான். அதனால இதரன்னு எழுதாதீங்க. செய்முறை (மொய்) நோட்டைத் தனியா வைங்க, வந்த காசு யாரு பேருக்குச் செஞ்சதோ அவங்கதான் நாளைக்குத் திருப்பிச் செய்யணும், பொதுச் செலவுல அதைப் போட்டுட்டா பாரம் பூரா ஒருத்தர் தலையில விழும், இதை யாரும் யோசிக்கிறதில்ல.

மதுரை பெரியாஸ்பத்திரியில இறந்திருந்தா தனியார் வண்டிக்குக் குடுக்க வேணாம், அரசு அமரர் ஊர்தி இலவசம், 155377-க்குப் போன் பண்ணுங்க. இஎஸ்ஐ பிடிச்ச வேலையில இருந்தவங்கன்னா ஈமச்செலவுக்கு 15,000 வரைக்கும் கெடைக்கும், 3 மாசத்துக்குள்ள கேக்கணும். நலவாரிய அட்டை இருந்தாலும் கேளுங்க, நெறையப் பேரு கேக்காமயே விட்டுர்றாங்க.

ஏடிஎம் கார்டு இருக்கேன்னு இறந்தவங்க கணக்குல எடுக்காதீங்க, நல்ல எண்ணத்துல எடுத்தாலும் பின்னால வில்லங்கம். 21 நாளைக்குள்ள இறப்பைப் பதிஞ்சு சான்றிதழ் வாங்குங்க, நாமினி இருந்தா அதைக் காட்டி பேங்க்ல கேக்கலாம், பேப்பர் எல்லாம் சரியா இருந்தா 15 நாளைக்குள்ள முடிச்சுக் குடுக்கணும். நாமினிங்கிறவரு பணத்தை வாங்கி வைக்கிற ஆளுதான், மத்த வாரிசுக்கும் அதுல பங்கு இருக்கு.

பொண்ணுங்க விசயத்தை அழுத்தியே சொல்றேன். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாத அப்பா சொத்துல மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சமபங்கு, அப்பாவப் பெத்த ஆத்தா இருந்தா அவங்களுக்கும். பங்கு எப்படியோ செலவும் அப்படியேதான். 'கட்டிக்குடுத்த பொண்ணுகிட்ட செலவு கேக்கக்கூடாது'ன்னு பெருமையா சொல்லிட்டு ஆறு மாசம் கழிச்சு, சொத்துல எனக்குப் பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேக்குறது அநியாயம், எங்க அக்காகிட்டயும் கேட்டாங்க. சொத்தே இல்லைன்னா முடிஞ்சவங்க முடிஞ்சதைப் போடுங்க, அப்பா பட்ட கடனுக்கு அவர் விட்டுட்டுப் போன சொத்து அளவுக்குத்தான் பிள்ளைங்க பொறுப்பு.

காடாத்து (சுடுகாட்டுல பால் தெளிச்சு அஸ்தி எடுக்குறது) முடிஞ்ச சாயந்திரமே உக்காந்து பேசிருங்க, கருமாதி வரைக்கும் தள்ளாதீங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கறிச்சோறு, உருமாக்கட்டுக்கு (கருமாதியில தலைப்பா கட்டுற சடங்கு) வாங்குற வேட்டி துண்டு இதையெல்லாம் பெருசா செய்ய ஆசைப்படுறவங்க சொந்தக் காசுல செய்யட்டும், பொதுக் கணக்குல வேணாம்.

எங்க வீட்ல பேங்க் பணம் வந்ததும் மொதல்ல தம்பி பொண்டாட்டி வளையலை மீட்டுக் குடுத்தோம், மிச்சத்தைத்தான் பிரிச்சோம்.