பாட்டியின் கைப்பக்குவத்தை எழுத்தில் கொண்டுவரும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் வீட்டுச் சமையலை எழுதிவைக்க முனைகிறவர்கள் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியின் எதிரில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்கிறார்கள். "எலுமிச்சங்காய் அளவு" என்று பதில் வரும். நாட்டு எலுமிச்சையா, பசாரில் (சந்தையில்) கிடைக்கும் லீமாவ் கஸ்தூரி என்ற சிறிய எலுமிச்சை வகையா என்பதைப் பொறுத்துக் குழம்பின் தலையெழுத்தே மாறிவிடும். பாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. பண்டை ரோமாபுரியின் அபிசியஸ் சமையல் தொகுப்பிலும் பெரும்பாலான குறிப்புகளில் அளவே கிடையாது.

ஆகவே கேட்காதீர்கள், அவர் சமைக்கும் நாளில் ஒரு மின்தராசோடு அடுப்படியில் நில்லுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் இட்டு, சமையல் தொடங்குமுன் கிண்ணத்தோடு எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போல் கையால் அள்ளிப் போடட்டும். சமையல் முடிந்தபின் மறுபடி எடை போட்டால், குறைந்திருப்பதுதான் அவர் போட்ட அளவு. நடுவில் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினால் கை தயங்கும், அளவும் மாறிவிடும். தேங்காய்ப்பாலுக்குத் துருவலின் எடையோடு, முதல் பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் ஊற்றிய தண்ணீரையும் தனித்தனியே எழுத வேண்டும்.

அடுத்தது பழைய அளவைகள். ஒரு காட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கான தாகில் ஏறத்தாழ 38 கிராம். அரிசி அளக்கப் பயன்படும் காலிக் கெட்டிப்பால் டின்னில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய டின்னில் 397 கிராம் பால் இருந்தது. இன்று கடையில் பெரும்பாலும் விற்பது 500 கிராம் அளவிலான பெரிய டின். பாட்டி அரிசி அளக்கும் அதே டின்னை வாங்கி, தண்ணீரை நிரப்பி எடை போட்டு, டின்னின் எடையைக் கழித்துவிட்டால், மிஞ்சும் கிராம் கணக்கே அது கொள்ளும் மில்லிலிட்டர். கரண்டி அளவென்றால் குவித்ததா, தலைதட்டியதா என்று எழுதுங்கள். பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூலில் தலைதட்டிய அளவை வலியுறுத்தியதற்குக் காரணமும் இந்தக் குழப்பமே.

நிமிடக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். விறகடுப்பில் பழகியவர் எரிவாயு அடுப்பைக் கடிகாரம் பார்த்து அணைப்பதில்லை. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்குவது, வெங்காயத்தின் பச்சை வாடை போவது, பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) வறுபடும் நெடி அடுத்த வீட்டை எட்டுவது என அவர் பார்த்துச் செய்யும் அடையாளங்களை அப்படியே எழுதுங்கள்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் அது யாரிடமிருந்து, எந்தத் தோட்டத்தில், எதனால் வந்தது என்று இரண்டு வரி சேருங்கள். மரவள்ளிக்கிழங்கு பல லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) முழுச் சாப்பாடாகவே இருந்தது, இரண்டாம் உலகப்போர்க் கால ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனதால்தான். கசப்புக் கிழங்கில் நஞ்சு உண்டு என்பதால், தோலுரித்து, நன்றாக வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டும் படியை விட்டுவிடக் கூடாது.

எழுதி முடித்ததும், பாட்டியை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு, குறிப்பை மட்டும் பார்த்து நீங்களே சமைத்து அவருக்குப் பரிமாறுங்கள். நான் அப்படிச் செய்த கருவாட்டுக் குழம்பில் உப்பு வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. நான் தராசை எடுத்துவரப் போன இடைவெளியில் பாட்டி கருவாட்டை வெந்நீரில் மூன்று முறை கழுவியிருக்கிறார். என் நோட்டில் ஒரு முறைகூட இல்லை. அதன்பின் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் கணத்திலிருந்தே எழுதத் தொடங்குகிறேன்.