யல்மார் பிராண்டிங்கின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: மலையக மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடம் வெளிநாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொன்னால், பத்தில் ஒன்பது கட்டுரைகள் பிறந்த திகதியில் தொடங்கி இறந்த திகதியில் முடிகின்றன. நடுவில் பதவிகள் வரிசையாக நிற்கும்; அந்த மனிதர் எதற்காகப் பாடுபட்டார் என்பது மட்டும் இருக்காது. சுவீடனின் முதலாவது சமூக ஜனநாயகப் பிரதமரான யல்மார் பிராண்டிங்கை எடுத்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கையைத் தோட்டத்து வாசிகசாலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு விளங்கும்படி எழுதுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இவருடைய அரசியல் வாழ்வின் பெரும்பகுதி வாக்குரிமை என்ற கேள்வியைச் சுற்றியே ஓடியது. அந்தக் கேள்வியின் கனம் என்னவென்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். சுவீடிய மொழியில் Hjalmar என்ற அப்பெயரின் முதலெழுத்தான H ஒலிப்பதில்லை. ஆகவே ‘ஹ்ஜல்மார்’ என்று எழுதுவது பிழை, ‘யல்மார்’ என்பதே ஒலிப்புக்குக் கிட்டியது. முதல் வரியில் எப்படி எழுதினீர்களோ அப்படியே கடைசி வரி வரை எழுத வேண்டும்.

அடுத்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கத்தில் அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளை ஆண்டு வாரியாக எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே, ‘இந்த ஆண்டில் சுவீடனில் யாருக்கு வாக்கு இருந்தது?’ என்ற கேள்விக்கான விடையை எழுதுங்கள். கட்டுரையின் முதுகெலும்பு அந்த வலப்பக்கம்தான். அது வெறுமையாக இருக்கும்வரை எழுதத் தொடங்க வேண்டாம்.

இடப்பக்கம் இப்படித் தொடங்கும்: 1860 நவம்பர் 23 அன்று ஸ்டொக்ஹோமில் பிறப்பு, தந்தை பேராசிரியர், உப்சாலா பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் படிப்பு, பின்னர் ஸ்டொக்ஹோம் வானாய்வு நிலையத்தில் உதவியாளர் வேலை. வலப்பக்கத்தில் வர வேண்டியது 1866ஆம் ஆண்டின் சீர்திருத்தம். அந்த ஆண்டில் சுவீடனின் பழைய நான்கு வகுப்புச் சபைகள் (பிரபுக்கள், குருமார், நகரத்தார், விவசாயிகள்) கலைக்கப்பட்டு, ரிக்ஸ்டாக் எனப்படும் பாராளுமன்றம் இரண்டு சபைகளாக அமைக்கப்பட்டது. இரண்டாம் சபைக்கு வாக்களிக்க ஓர் ஆண் ஆண்டுக்குக் குறைந்தது 800 ரிக்ஸ்டேலர் வருமானம் பெறுபவராகவோ, குறிப்பிட்ட பெறுமதியுள்ள நிலத்தைச் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். இந்த 800ஐ இன்றைய இலங்கை ரூபாய்க்கு மாற்றிக் காட்ட முயல வேண்டாம். அதனால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. பண்ணைக் கூலிகளும் பெருந்தொகையான ஆலைத் தொழிலாளரும் அந்த வருமானத்தை எட்டவில்லை என்று எழுதுங்கள். பேர் விழுந்த நாளுக்கு மட்டும் சம்பளம் வாங்கிய குடும்பத்தில் வளர்ந்த வாசகர் அதை உடனே பிடித்துக்கொள்வார்.

பேராசிரியர் மகன் தொழிலாளர் பக்கம் ஏன் வந்தார் என்ற இடத்தில் நின்று எழுத வேண்டும். ஸ்டொக்ஹோமில் தொழிலாளருக்கு விரிவுரைகள் நடத்திய தொழிலாளர் கல்வி நிலையத்துக்கு நகரசபை பணம் தர மறுத்தபோது, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிராண்டிங் அது மூடப்படாமல் இருக்கத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். ‘அவர் ஏழைகள் மீது இரக்கம் கொண்டவர்’ என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு செயலைச் சொல்வது மேல். அதே பத்தியில் தையற்காரரான ஆகஸ்ட் பால்மையும் கொண்டுவாருங்கள். 1881இல் மல்மோ நகரில் சமூக ஜனநாயகக் கொள்கையை முதன்முதலாகப் பொதுமேடையில் விளக்கியவர் அவர். பிராண்டிங் பிற்காலத்தில் ஆசிரியராக இருந்த ‘சோசியல்-டெமோக்ராட்டன்’ பத்திரிகையைத் தொடங்கியவரும் அவரே. தையற்காரரை விட்டுவிட்டு வானியலாளரை மட்டும் எழுதினால், தொழிலாளர் தாமாக எழவில்லை, படித்த ஒருவர் வந்து எழுப்பினார் என்ற பொய்யான படம் வாசகர் மனத்தில் விழுந்துவிடும். நமது தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோரும் அடிக்கடி இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். 1940இல் முல்லோயா தோட்டத்துப் போராட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த கோவிந்தன் ஒரு தொழிலாளி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை எழுதுங்கள்.

1888இல் சமயநிந்தனைக் குற்றத்துக்காகப் பிராண்டிங்குக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1889இல் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி அமைக்கப்பட்டது. இவற்றுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். மனைவி அன்னா நாடக விமர்சகராகவும் எழுத்தாளராகவும் அறியப்பட்டவர் என்பதற்கு ஒரு வாக்கியம்.

1896க்கு வந்ததும் மெதுவாக எழுதுங்கள். அவ்வாண்டில் லிபரல்களின் (தாராளவாதிகளின்) ஆதரவுடன் இரண்டாம் சபைக்குத் தெரிவான பிராண்டிங், 1902 வரை அங்கே தம் கட்சியின் ஒரே உறுப்பினராக இருந்தார். யாருக்காகப் பேசினாரோ அவர்களில் மிகப் பலருக்கு அவரைத் தெரிவுசெய்யும் வாக்கே இருக்கவில்லை. வலப்பக்கத்தைப் பார்த்து எழுதினால்தான் இந்த முரண் உங்கள் கண்ணில் படும். 1902 மே மாதத்தில் வாக்குரிமை கேட்டு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பளத்துக்காக அல்லாமல் வாக்குக்காக வேலையை விட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 1909இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் பங்குகொண்ட பெரும் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. தொழிற்சங்கச் சம்மேளனத்தின் உறுப்பினர் தொகை அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. தோல்வியை மறைத்து எழுதப்படும் வாழ்க்கை வரலாற்றை நான் நம்புவதில்லை. நீங்களும் மறைக்க வேண்டாம்.

‘எல்லோருக்கும் வாக்கு’ என்ற தொடரைப் பயன்படுத்தும்போது மிகுந்த கவனம் வேண்டும். 1909இல் நிறைவேறிய சீர்திருத்தம் இரண்டாம் சபைத் தேர்தலுக்கான வாக்கை ஆண்களுக்கு விரிவாக்கியது, பெண்களுக்குத் தரவில்லை. பிராண்டிங் 1917இல் லிபரல் பிரதமர் நீல்ஸ் எடேனின் கூட்டரசாங்கத்தில் சில மாதங்கள் நிதி அமைச்சராக இருந்தார். 1918 நவம்பரில் ஜெர்மனியில் புரட்சி வெடித்ததும், அது தம் நாட்டுக்கும் பரவுமோ என்று அஞ்சி, வாக்குரிமையை எதிர்த்துவந்த சுவீடனின் பழமைவாதிகள் இறங்கிவந்தனர். 1919 மே மாதத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. 1921 செப்டெம்பரில் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தனர். ஐந்து பெண்கள் உறுப்பினர்களாயினர். ஆயினும் வறியோர் நிவாரணத்தில் தங்கியிருந்தவர்களுக்கு வாக்கு 1945 வரை மறுக்கப்பட்டது. ஆகவே ‘1921இல் எல்லோருக்கும் வாக்கு கிடைத்தது’ என்று எழுதினால் அது பிழை. 1931இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தபோதும் இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்கும் நிபந்தனை இருந்ததல்லவா? அதை அறிந்தவர்கள் ‘எல்லோரும்’ என்ற சொல்லை எளிதில் நம்பக் கூடாது.

நமது மலையக வரலாற்றோடு செய்யும் ஒப்பீட்டை எங்கே வைப்பது? கட்டுரை முழுவதும் தூவ வேண்டாம். ஒரே ஒரு பத்தியில் வைத்துவிட்டு மீண்டும் சுவீடனுக்குத் திரும்புங்கள். 1947 தேர்தலில் நம் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றதையும், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் நம்மவர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டதையும் சொன்னால் போதும். என் பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இப்போதும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடித்த இடங்களில் கிழிந்துவிடாமல் பின்பக்கம் துணி ஒட்டப்பட்டு, மழைக்காலத்தில் தகரக் கூரை ஒழுகினாலும் நனையாதபடி இரண்டு பொலித்தீன் உறைகளுக்குள் அது கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு தாள் இருந்தால், எழுதத் தொடங்கும் முன் அதை எடுத்துப் பாருங்கள்.

பதவிகளைப் பற்றி எழுதும்போது ஆண்டுகளைக் கலந்துவிட வேண்டாம். பிராண்டிங் மூன்று முறை பிரதமராக இருந்தார்: 1920 மார்ச் முதல் ஒக்டோபர் வரை, 1921 ஒக்டோபர் முதல் 1923 ஏப்ரல் வரை, 1924 ஒக்டோபர் முதல் 1925 ஜனவரி வரை. மூன்றும் பெரும்பான்மை இல்லாத அரசாங்கங்கள் என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், ஆட்சிக்கு வந்தும் ஏன் நினைத்ததையெல்லாம் செய்யவில்லை என்ற கேள்வி வாசகருக்கு எழும். 1921இல் நோர்வேயின் கிறிஸ்டியன் லாங்கேயுடன் அவர் நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசைச் சொல்லும்போது, சுவீடனும் பின்லாந்தும் உரிமை கோரிய ஓலண்ட் தீவுகள் பின்லாந்துக்கே உரியவை என்று, ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அதே ஆண்டில் தீர்த்தபோது, தம் நாட்டுக்குப் பாதகமான அத்தீர்ப்பை எதிர்த்துப் படை திரட்டாமல் சுவீடன் ஏற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும், சுவீடன் எங்கே இருக்கிறது என்றே அறியாத ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து தேநீருடன் உட்காரும் அம்மாவைவிடச் சிறந்த வாசகர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். அவர் எந்த இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேட்கிறாரோ அந்த இடத்தைத் தொட வேண்டாம்; எந்த இடத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்து, மறுநாள் அந்தப் பத்தியை மட்டும் திரும்ப எழுதுங்கள். முடிவுப் பத்திக்கு, நோய் காரணமாக 1925 ஜனவரியில் அவர் பதவி விலகியதும், ரிக்கார்ட் சாண்ட்லர் பிரதமரானதும், பெப்ரவரி 24 அன்று பிராண்டிங் காலமானதும் போதும்.