தூக்கிலிடப்பட்ட கைதியின் வரலாற்றை எழுதுவது எப்படி: தீர்ப்பில் தொடங்குங்கள்

கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பழைய பத்திரிகைக் கட்டுரைகளிலிருந்து தொடங்குகிறார்கள். எழுத்து அங்கேயே தடம் மாறிவிடும். முதலில் படிக்க வேண்டியது உயர் நீதிமன்றத் தீர்ப்பு. செஷன்ஸ் கோர்ட் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 366. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் பிரிவு 407. கைதி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் தாங்களே மறுபடி எடைபோட வேண்டும். அதனால் அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) தொடங்கி யார் என்ன சொன்னார், எந்தப் பொருள் எங்கே கைப்பற்றப்பட்டது என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் வரிசையாகக் கிடைக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இவற்றை ‘ஆர்.டி.’ (Referred Trial, உறுதிசெய்ய அனுப்பப்பட்ட வழக்கு) எண் போட்டுத் தேட வேண்டும். கீழமைக் கோர்ட்டின் பழைய வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம். எனவே சான்றிட்ட நகலுக்கான மனுவைக் காரணத்துடன் எழுதி, வேலையின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது தேதிப் பட்டியல். ஆட்டோ சங்கர் வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு கொலைகளுக்காகச் செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தது 1991 மே 31. உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது 1992 ஜூலை 17. உச்ச நீதிமன்றமும் தள்ளியது 1994 ஏப்ரலில். சேலம் மத்தியச் சிறையில் தூக்கு 1995 ஏப்ரல் 27. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று எழுதுங்கள். காலைப் பத்திரிகையின் தேதியைச் சம்பவத் தேதியாக எடுத்துக்கொண்டு ஒரு நாள் பிசகுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. வயதும் அப்படித்தான். குற்றப்பத்திரிகையில் இருப்பது பெரும்பாலும் கைதானவர் வாயால் சொன்னது. அதைக் கழித்துப் பார்த்துப் பிறந்த ஆண்டை முடிவு செய்யாதீர்கள்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் வாக்குமூலம். 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டம் 1872-இன் பிரிவு 25-படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது. பிரிவு 27 ஒரே ஒரு கதவைத் திறக்கிறது: அவர் சொன்னதன் பேரில் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். ‘அவனைக் குத்திக் கொன்றேன், கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன், காட்டுகிறேன்’ என்று ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். கத்தி கிடைத்தால் ‘கிணற்றடியில் புதைத்தேன், காட்டுகிறேன்’ என்பது கோர்ட்டில் செல்லும். ‘குத்திக் கொன்றேன்’ செல்லாது. ஆனால் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவது இந்தச் செல்லாத பாதிதான். பல ஆண்டுகளாகப் பேசப்படும் ‘அவரே ஒப்புக்கொண்டார்’ கதைகள் பலவும் இப்படிப் பிறந்தவை. மாஜிஸ்திரேட்டிடம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 164-இன் கீழ், கொடுத்த வாக்குமூலம் வேறு ரகம். அதைப் பயன்படுத்தலாம், பின்னால் அவர் அதை மறுத்தாரா என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்ரூவராக, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறிய கூட்டாளி சொன்னதை எழுதும்போது, வேறு எந்தச் சாட்சியம் அதற்குத் துணை நின்றது என்பதைக் கண்டிப்பாகக் குறிப்பிடுங்கள். துணை இல்லையென்றால் ‘அப்ரூவர் கூற்றுப்படி’ என்ற சொற்கள் அந்த வாக்கியத்தில் இருந்தே ஆக வேண்டும்.

கைதி எழுதியதாகச் சொல்லப்படும் சுயசரிதை இன்னும் வழுக்கலான தரை. ஆட்டோ சங்கர் சிறையில் 300 பக்கம் எழுதியதாகச் சொல்லி, அதை வெளியிட முன்வந்தது நக்கீரன். அவர் அப்படி எதுவும் எழுதவில்லை என்றது சிறைத்துறை. உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 தீர்ப்பில், அவர் எழுதவும் இல்லை, அனுமதி தரவும் இல்லை என்ற அனுமானத்தில்தான் வழக்கை ஆராய்ந்தது. அப்படிப் பார்த்தாலும், கோர்ட் ஆவணங்கள் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை அனுமதியின்றி வெளியிடலாம் என்று சொன்னது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு இன்றும் கைகொடுப்பது இந்தத் தீர்ப்புதான். பொதுப் பதிவைத் தாண்டிக் குடும்பத்துக்குள் நுழைந்தால் பொறுப்பு உங்களுடையது.

அதே தீர்ப்பு, பாலியல் குற்றத்துக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயருக்கு விலக்கு தந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு; அவர் இறந்துவிட்டார் என்பதும் சாக்காகாது. பெயரை மட்டும் மறைத்து ஊர், தெரு, வேலை மூன்றையும் எழுதுவது மறைத்ததாகாது. மற்றபடி, கொல்லப்பட்டவர்கள் வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடக் கூடாது. அவர் என்ன தொழில் செய்தார், யார் அவரைத் தேடினார்கள், காணவில்லை என்ற புகார் எப்போது பதிவானது என்பதெல்லாம் சாட்சியத்திலேயே இருக்கும். கொலையாளிக்கு நான்கு பக்கம், செத்தவருக்கு நான்கு வரி என்று பிரதி வந்திருந்தால் அதைத் திருப்பி எழுதுங்கள்.

கடைசி நாளைப் பற்றித்தான் கட்டுக்கதைகள் குவியும். கடைசியாகக் கேட்ட உணவு, கடைசியாகப் பேசிய வார்த்தை எல்லாம் யார் சொல்லி வந்தன என்று கேட்டுப் பாருங்கள். பெயருள்ள நேர்சாட்சி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை வேறு: கருணை மனுக்கள் ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் போன தேதிகள், அவை தள்ளப்பட்ட தேதிகள், செஷன்ஸ் நீதிபதியின் வாரண்ட். 2014-க்குப் பிந்தைய வழக்கென்றால், கருணை மனு தள்ளப்பட்டதைக் கைதிக்குத் தெரிவித்த பின் 14 நாள் இடைவெளி தரப்பட்டதா, பிரேதப் பரிசோதனை நடந்ததா என்பதையும் பாருங்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு இரண்டையும் கட்டாயமாக்கியது. சிறைத்துறைக்குத் தகவல் உரிமை மனு போடும்போது பிரிவு 8(3)-ஐக் குறிப்பிடுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. தண்டனை நிறைவேறியதும் சிறைக் கண்காணிப்பாளர் வாரண்டில் அதைக் குறித்துக் கையெழுத்திட்டு, வாரண்டைப் பிறப்பித்த கோர்ட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் பட்டியலின் கடைசித் தேதியை அந்தக் குறிப்பிலிருந்து எடுங்கள்.