மலேரியா கிட்டில் எந்தக் கோட்டை நம்புவது?

மலேரியா கிட் என்பது ஒரு துளி ரத்தத்தில் மலேரியாக் கிருமியின் புரதத்தைத் தேடி, இருந்தால் கோடு காட்டும் விரைவுச் சோதனை அட்டை. அதில் ரத்தத்துளியைக் கூடுதலாக விடுவது, சோதனைத் திரவமான பஃபரை அளவில்லாமல் ஊற்றுவது எல்லாம் ஒரு வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். கிட் எந்தப் புரதத்தைத் தேடுகிறது என்றே கேட்காமல் அதைப் பிரிப்பதுதான் சரியாவதில்லை. புதிதாக வருபவர்களிடம் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய தவறுகள் நினைவுக்கு வருகின்றன.

குணமாகிவிட்டதா என்று எச்ஆர்பி-2-இல் பார்ப்பது

எச்ஆர்பி-2, ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி ரத்தத்தில் விடும் புரதம். கிருமி செத்த பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும், ரத்தத்தில் தங்கும். வேறு சில கிட்கள் தேடும் பிஎல்டிஎச் அப்படியல்ல, உயிருள்ள கிருமியின் நொதி அது. கிருமி போனால் பெரும்பாலும் சில நாட்களில் அதுவும் போய்விடும்.

ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பையன், ஃபால்சிபாரத்துக்குச் சிகிச்சை முடிந்த மூன்றாவது வாரம் சளிக் காய்ச்சலோடு வந்தான். என்னிடம் பயிற்சியில் இருந்தவர் கிட் போட்டார். எச்ஆர்பி-2-ஐக் காட்டும் பிஎஃப் (ஃபால்சிபாரம்) கோடு மெலிதாக, வெளிர் ரோஜா நிறத்தில் எழுந்தது. "சார், மருந்து கேக்கல" என்று பதிவேட்டில் ஏற்றிவிட்டார். பையனுக்கு மறுபடியும் மாத்திரை. ஒழிப்புக் கட்டத்தில் ஒரு கேஸ் என்றால் ஊரே கிளம்பும். மறுநாள் அவன் தங்கியிருந்த தகரக் கொட்டகையில் அத்தனை பேருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தோம், கொசு மருந்து அடித்தோம். அவனுடைய ரத்த ஸ்லைடை மாலையில்தான் நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு கிருமிகூட இல்லை. அன்று நிஜமாகவே பார்த்திருக்க வேண்டிய வேறு காய்ச்சல்காரர்களின் ஸ்லைடுகள் சாயம் போடாமல் தட்டிலேயே கிடந்தன. அந்தத் தட்டை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சிகிச்சைக்குப் பிறகு நமக்குள்ள ஒரே கேள்வி, கிருமி உயிரோடு இருக்கிறதா என்பது. அதை ஸ்லைடிடம் கேளுங்கள்.

கோடு இல்லை, அதனால் ஃபால்சிபாரம் இல்லை என்பது

எச்ஆர்பி-2 புரதத்துக்கான மரபணுவையே இழந்த கிருமிகள் உண்டு. பெருவின் அமேசான் பகுதியில் இருப்பதாக 2010-இல் முதலில் தெரியவந்தது. அப்புறம் எரித்ரியா இதனாலேயே கிட்டை மாற்றியது. இந்த இழப்பால் கிட்டில் தப்பிவிடும் ஃபால்சிபாரம் கேஸ்கள் 5 சதவீதத்தைத் தாண்டினால் வேறு புரதத்தைத் தேடும் கிட்டுக்கு மாறச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் விடவில்லை என்றால், கிட் என்ன சொன்னாலும் ஸ்லைடு பாருங்கள்.

வைவாக்ஸை ரத்தத்தில் மட்டும் தேடுவது

வைவாக்ஸ் இன்னொரு வகை மலேரியாக் கிருமி. ஈரலில் உறங்கும் அந்தக் கிருமியை எந்தக் கிட்டும் காட்டாது.

ஜி6பிடி பார்க்காமல் 14 நாள் பிரைமாகுயின்

வேண்டாம். ஈரலில் உறங்கும் அந்தக் கிருமியைக் கொல்லத்தான் பிரைமாகுயின். ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு அதனால் சிவப்பணுக்கள் உடையும்.