காரின் முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் வீட்டிலேயே மாற்றுவது

டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுசுதான் போட வேண்டும். வலது, இடது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) போல்ட்டுகளை எடுத்து, காலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் ஹோஸில் பாரம் விழவே கூடாது. அடுத்து காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும், பிறகு டிஸ்க்கையும் கழற்றுங்கள். துரு பிடித்து வர மறுத்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, கொஞ்ச நேரம் விட்டுச் சுத்தியலால் தட்டுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: ஹப்பில் (டிஸ்க் உட்காரும் மையப் பகுதி) இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்க்காவிட்டால் புது டிஸ்க் கோணலாக உட்காரும், பெடல் அதிரும். டிஸ்க்கில் தடவியிருக்கும் எண்ணெயையும் பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைச் சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளுங்கள், பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் வையுங்கள். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்களுக்கு பிரேக் கிரீஸ் தடவி, பிராக்கெட், புது பேடுகள், காலிப்பர் என்ற வரிசையில் மாட்டி, போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டு, முதலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.