கோழிக்கூடு கட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

இணையத்தில் கோழிக்கூடு என்று தேடினால், சிவப்பு வண்ணம் பூசிய பொம்மை வீடுகள்தான் முதலில் வந்து நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகை, ஒரு சிறிய சன்னல், சரிவான கூரை. பனி கொட்டும் ஊர்களுக்கு அது சரி. திருச்சியிலோ வேலூரிலோ மே மாதத்தில் அந்தப் பெட்டிக்குள் பத்துக் கோழிகளை அடைப்பது, அவற்றை உயிரோடு அவிப்பதற்குச் சமம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. அதன் எச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். இந்த ஈரம் முழுவதும் வெளியேற வழியில்லாத இடத்தில் அம்மோனியா சேர்ந்து, முதலில் கண்ணையும் அடுத்து மூச்சுக்குழாயையும் பதம் பார்க்கிறது. நின்றபடி முகர்ந்து பார்த்து "நாற்றமே இல்லை" என்று சொல்லக் கூடாது. கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள்.

அதனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது திசை. கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில்தான் விழும். அந்த இரண்டையும் சுவராகவோ பலகையாகவோ மூடிவிடலாம். வடக்கும் தெற்கும் தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி மட்டும் அடைப்பு. அதற்கு மேல் முழுவதும் கம்பி வலை. சாரல் அடிக்குமே என்று பயந்து இந்தப் பக்கங்களையும் அடைத்துவிடுகிறவர்கள் அதிகம். கூரையை மூன்று அடி வெளியே நீட்டி இறவாரம் விட்டால் பெரும்பாலான சாரல் உள்ளே வராது. வடகிழக்குப் பருவமழையின்போது மட்டும் வடக்குப் பக்கத்தில் சாக்குப் படுதா கட்டி, மேலே அரை அடி திறந்து விடுங்கள்.

வெறும் தகரக் கூரை வெயில் காலத்தில் அடுப்புதான். தகரமே போடுவதானால் மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, கோடையில் தென்னங்கீற்றைப் பரப்பலாம். கீற்றை மட்டும் நம்பினால் அதில் எலி குடியேறும்.

அடுத்தது வலை. கடையில் கோழி வலை என்று கொடுக்கும் அறுகோணக் கண் வலை மிக மெல்லியது. கோழியை உள்ளே நிறுத்துவதற்கு அது போதும். தெருநாய் ஒரு முறை பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். கீழ்ப்பகுதிக்காவது அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) போடுங்கள். அந்தக் கண்ணில் பாம்பு நுழைவதும் கடினம். கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். ஆகவே காவலுக்கு ஓய்வு நேரம் என்று எதுவும் இல்லை. கீரி மண்ணைத் தோண்டி நுழையக்கூடியது. கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்துக் கல் அடுக்கினால், அது தோண்டத் தொடங்கும் இடத்திலேயே கம்பி தட்டுப்படும். மரநாய் மரம் ஏறக்கூடியது; சுவருக்கும் கூரைக்கும் நடுவில் விட்ட சந்துதான் அதற்கு வாசல். வெளிநாட்டுக் காணொளிகளில் இரட்டைத் தாழ்ப்பாளை வலியுறுத்துவது ரக்கூன் என்ற விலங்குக்காக. நம் ஊரில் அது இல்லை. சந்துகளை அடைப்பதற்கு அந்தப் பணத்தைச் செலவிடுங்கள்.

தீவனத்தை இரவில் கூட்டுக்குள் வைப்பதும் பாம்பை அழைப்பதும் ஒன்றுதான். தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

இட அளவில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பகலில் மேயப் போகும் கோழிக்கே தலைக்கு இரண்டு சதுர அடி வேண்டும். பத்துக் கோழிக்கு ஐந்துக்கு நான்கு அடி என்று கணக்குப் போட்டுக் கட்டிய மறு ஆண்டே நாட்டுக்கோழி அடைகாத்து, இருபத்தொரு நாளில் குஞ்சுகளோடு எழுந்து வரும். அப்போது கூட்டைப் பெரிதாக்குவது கட்டுவதைவிடக் கடினமான வேலை. இப்போதே இரண்டு மடங்காகக் கட்டுங்கள்.

உட்காரும் கட்டை முட்டைப் பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். கோழி உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி மேலே இருந்தால் அதில் படுத்து எச்சமிடும், முட்டையும் அழுக்காகும். ஐந்து கோழிக்கு ஓரடிச் சதுரத்தில் ஒரு பெட்டி போதும். வழவழப்பான குழாயைக் கட்டையாகப் போடாதீர்கள், கால் பிடிக்காது.

தரையில் உமியோ கடலைத்தோலோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். தண்ணீர் சிந்தி ஈரமான கூளத்தை அன்றே அள்ளிவிடுங்கள். ஈரக் கூளம் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சலைக் கொண்டுவரும். இதைச் செய்ய மனிதர் உள்ளே நுழைய வேண்டுமே! கோழி நுழையும் அளவுக்கு மட்டும் கதவு வைத்தவர்கள் ஒரு மாதத்துக்குப் பிறகு சுத்தம் செய்வதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆள் நுழைய முடியாத சிறிய கூடு என்றால், கூரையின் ஒரு பாதியைக் கீல் வைத்துத் திறக்கும்படி செய்துகொள்ளலாம்.

பழைய பலகையில் கட்டினால் இடுக்குகளில் உண்ணி பகலில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். பகலில் தேடினால் அகப்படாது; இருட்டியபின் டார்ச் அடித்துக் கட்டையின் அடியைப் பாருங்கள். இடுக்குகளில் சுண்ணாம்பு பூசுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். கால் வைத்துத் தூக்கிய கூடாக இருந்தால், ஒவ்வொரு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வரும் குஞ்சை எறும்பு மொய்த்துக் கொன்றுவிடுவது உண்டு. அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிடும் என்பதால் மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.