பால் க்ளே பாணியில் எண்ணெய்க் கோடும் வாட்டர்கலரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் க்ளே 1922-இல் வரைந்த ‘கீச்சிடும் எந்திரம்’ படத்தில் கண்ணை முதலில் இழுப்பது அதன் கோடு. ஓரமெல்லாம் பிசிறி, அங்கங்கே கரி தேய்த்தாற்போல் கறை படிந்த கோடு. அதன்மேல் நீலமும் இளஞ்சிவப்பும் மூடுபனிபோல் பரவியிருக்கும். பேனாவால் வரைந்து வாட்டர்கலர் பூசினால் இந்தத் தோற்றம் வராது. பலர் முதலில் தவறுவது இங்கேதான்.

1919-ஐ ஒட்டி க்ளே கையாளத் தொடங்கிய முறை இது. ஒரு மெல்லிய தாளில் கறுப்பு ஆயில் பெயின்டைத் தடவி அரைகுறையாக உலர விடுவார். பெயின்ட் பக்கம் கீழே இருக்கும்படி அதை ஓவியத்தாளின் மேல் கவிழ்த்து, அதற்கும் மேலே முன்பே வரைந்த படத்தை வைத்து, கோடுகளை ஊசிமுனையால் அழுத்தி ஓட்டுவார். அழுத்திய இடத்தில் கறுப்பு ஒட்டிக்கொள்ளும். வாட்டர்கலர் அதன் பிறகுதான். எண்ணெய் தண்ணீரை ஏற்காததால் கோடு கரையாமல் நிற்கும். 1920-இன் ‘ஏஞ்செலஸ் நோவஸ்’ படமும் இப்படி உருவானதே.

எண்ணெய்க்குப் பதில் அக்ரிலிக் எடுக்காதீர்கள். மெல்லிய பூச்சாக அது சில நிமிடங்களில் உலர்ந்துவிடும், தாளுக்கு மாறாது. கார்பன் பேப்பரும் வேண்டாம். அதில் கோடு சீராக விழும், பிசிறு கிடைக்காது.

அதிகம் கெடுவது பெயின்டின் அளவாலும் ஈரத்தாலும்தான். A4 அளவு ட்ரேசிங் பேப்பருக்கு இரண்டு பட்டாணி அளவு கறுப்பு போதும். பழந்துணியால் தேய்த்துப் பரப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: தாள் சாம்பல் கலந்த கறுப்பாக, ஒளி கொஞ்சம் ஊடுருவும்படி தெரிய வேண்டும். திட்டுத் திட்டாகப் பளபளத்தால் பெயின்ட் அதிகம். செய்தித்தாளை அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். உபரி எண்ணெயை அப்படியே விட்டால் அது ஓவியத்தாளுக்குள் ஊறி, நாளடைவில் கோட்டைச் சுற்றி மஞ்சள் வளையமாகத் தெரியும். எவ்வளவு நேரம் காய விடுவது என்பதைக் கடிகாரம் சொல்லாது. பெயின்டும் காற்றின் ஈரப்பதமும் பொறுத்து மாறும். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் லேசான கறைக்குமேல் படியக் கூடாது. அதற்கு முன்னால் அவசரப்பட்டால் படம் முழுக்கக் கறுப்பு அப்பும். மறுநாள்வரை மறந்துவிட்டால் கோடு மங்கி, விட்டு விட்டு விழும். ஓவியத்தாளில் வைக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் நாலு கோடு இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

தாளின் முகமும் முக்கியம். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் கறுப்பு மேடுகளில் மட்டும் ஒட்டும். கோடு புள்ளிகளாக உடையும். வழவழப்பான ஹாட் பிரஸ் தாள், 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையில் நல்லது. அதைவிட மெல்லிய தாள் என்றால் நனைத்துப் பலகையில் கம் டேப்பால் இழுத்து ஒட்டிக் காய வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் வாஷ் (தண்ணீர் அதிகம் கலந்த மெல்லிய நிறப் பூச்சு) பூசியதும் தாள் அலையலையாக வளையும், நிறம் பள்ளங்களில் தேங்கும்.

தாள்களை ஒரு பக்கம் மட்டும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். கதவுபோல் தூக்கிப் பார்த்து, திரும்ப அதே இடத்தில் இறக்கலாம். முழுதாக எடுத்துவிட்டால் மறுபடி பொருந்தாது. கூர்மையான ஊசி தாளைக் கிழிக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா நன்றாகவே வேலை செய்யும்.

உள்ளங்கை பட்ட இடத்திலும் கறுப்பு ஒட்டும். இதைக் குறையாக நினைத்து, கையே படாமல் வரைந்து, மிஞ்சிய கறையையும் சுரண்டி எடுத்தால் படத்தின் உயிரே போய்விடும். முகம் போன்ற நுணுக்கமான இடங்களைச் சுத்தமாக வைக்க, இரண்டு புத்தகங்களின் மேல் ஸ்கேலைப் பாலம்போல் வைத்துக் கையை அதில் ஊன்றுங்கள். மற்ற இடங்களில் கறை விழட்டும். கறை எங்கே வேண்டும் என்று முன்பே முடிவு செய்து, அங்கே மட்டும் விரலால் அழுத்துவது இன்னும் நல்லது.

கோடு விழுந்த அன்றே வாட்டர்கலர் பூச வேண்டாம். தண்ணீர் எண்ணெயைக் கரைக்காது, ஆனால் பிரஷ் இழுத்துவிடும். கறுப்பு மெதுவாகக் காயும் நிறம். குறைந்தது இரண்டு மூன்று நாள் விட்டு, ஓரத்துக் கோடு ஒன்றை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள்.

நிறம் பூசும்போது க்ளேயிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பொறுமை. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் கற்பித்த காலத்தில், ஒரே மெல்லிய வாஷை அடுக்கடுக்காக ஏற்றி, ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக நகர்ந்தார். 1921-இன் ‘சிவப்பில் ஃபியூக்’ இதற்கு நல்ல பாடம். வாஷ் தேநீர்போல் தெளிந்து இருக்கட்டும். ஒவ்வொரு அடுக்கும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. புறங்கையைத் தாளின் மேல் வைத்தால் குளிர்ச்சி தெரிகிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது. அதன்மேல் பூசினால் காலிஃபிளவர் மாதிரி ஓரங்கள் வெடிக்கும். சிவப்பின் மேல் பச்சையைக் கெட்டியாக ஏற்றினால் சேறாகும். நீர்த்த வாஷாக ஏற்றினால் அழகான சாம்பல் கிடைக்கும்.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆயில் பெயின்டில் உள்ள லின்சீட் (ஆளி விதை) எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முடித்த படத்தை க்ளே அட்டையில் ஒட்டி, கீழே கோடிட்டு ஆண்டு, எண், தலைப்பு எழுதுவார். நீங்களும் அப்படிச் செய்யலாம். ரப்பர் பசை மட்டும் வேண்டாம், அது பழுத்துக் கறையாகும். அமிலம் இல்லாத அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் மாவுப்பசை தடவி ஒட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் தாள் விரிந்து சுருங்க இடம் இருக்கட்டும்.